நமக்குப் பின் வாசிப்பவருக்காக



நம்மில் பலர் கோட் எழுதிப் பிழைக்கிறோம். சிலர் இப்போதுதான் கற்கிறோம். எழுதியவர் வேலை மாறிப் போனபின், 300 வரி நீளும் ஒரே மெத்தடைத் திருத்தும் பொறுப்பு பல இடங்களில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் விழுகிறது. அது சம்பளக் கணக்கு என்றால், ஒரு வரி பிசகினாலும் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு தடுமாறும்.

மார்ட்டின் ஃபௌலர் 1999இல் வெளியிட்ட 'ரீஃபாக்டரிங்' நூல் இதற்கு வழி சொல்கிறது: வெளியே கிடைக்கும் விடை மாறாமல், உள்ளே இருப்பதை மட்டும் சீராக்குவது.

முதலில் டெஸ்ட் எழுதுவோம். அது இல்லாமல் கைவைத்தால், விடை மாறியதே தெரியாது. அடுத்து, 'இங்கே ஓவர்டைம் கணக்கு' என்று குறிப்பு எழுதத் தோன்றும் இடத்தைத் தேடுவோம். அந்த வரிகளைத் தனி மெத்தடாக எடுத்து, அது செய்யும் வேலையையே பெயராக வைப்போம். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பின்னும் டெஸ்டை ஓட்டுவோம். பெயர் கிடைக்கவில்லையா? அந்த வரிகள் இரண்டு வேலை செய்கின்றனவா என்று பார்ப்போம்.

முடிவில் பெரிய மெத்தடில் மிஞ்சுவது சில பெயர்களே: மணிநேரத்தைக் கூட்டு, ஓவர்டைமைச் சேர், பிடித்தத்தைக் கழி. நாளை வரும் தம்பியோ தங்கையோ யாரையும் கேட்காமல் வாசித்துப் புரிந்துகொள்வார்கள்.