லயத்து வீடு நம் வீடா?

அப்பா பிறந்த வீடு, நாம் வளர்ந்த வீடு, நம் பிள்ளைகள் தவழ்ந்த வீடு. மூன்று தலைமுறையாக லயத்தில் குடியிருந்தும் "இது நம்ம வீடு" என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் நம்மிடம் இல்லை. வேலை இருக்கும் வரைதான் வீடு. வேலை நின்றால் சட்டி பானையைக் கட்ட வேண்டியதுதான்.

அப்புறம் பட்டணத்தில் வாடகை வீடு. மாதா மாதம் கொடுக்கிற பணம் வீட்டுக்காரரோடு போச்சு. பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி நமக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வீடு வாங்கவோ கட்டவோ சேமிப்பில் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுக்கலாம். நம்மில் பலரோ 55 வயதில் மொத்தமாக எடுத்து, கல்யாணத்துக்கும் கடனுக்கும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறோம்.

வீடு வாங்கிவிட்டால் மட்டும் போதாது. முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் கண்ணை மூடினால், 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படிதான் சொத்து பிரியும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு இரண்டு பங்கு. பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்களுக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. "வீடு முழுக்க அவளுக்குத்தான்" என்று வாயால் சொன்னது செல்லாது. உயிலில் எழுதி, அதில் பங்கு பெறாத இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தச் சம்பள நாளில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுவோம்: சேமநிதியில் எவ்வளவு இருக்கு? வாரிசாக யார் பேரைக் கொடுத்திருக்கோம்?