ஜாமர் குண்டுக்கு ஏன் தனி நிறம்?

155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகள் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உள்ளே வெடிமருந்தா, புகையா, ரேடியோத் தொடர்பைக் குலைக்கும் ஜாமரா என்பதை மேலே பூசிய வண்ணமும் எழுத்துமே சொல்கின்றன. ஜாமர் வைத்த குண்டு இலக்கைத் தாக்கி வெடிப்பதற்கானதன்று. வானில் திறந்து கருவிகளை உதிர்ப்பதற்கானது. அதற்கேற்ற ஃப்யூஸ் பொருத்தாவிட்டால் சுட்டும் பயனில்லை. அதனால் குண்டை மாற்றி எடுத்துவிடக் கூடாது.

அமெரிக்க ராணுவ வண்ண முறையில் இளநீலம் பயிற்சிக் குண்டுக்கு, இளம்பச்சை புகைக்குண்டுக்கு, வெள்ளை வெளிச்சக் குண்டுக்கு. ஆலிவ் பச்சை உடலில் மஞ்சள் எழுத்து இருந்தால் உள்ளே இருப்பது கடும் வெடிமருந்து. ஜாமர் போல எதிரியின் கருவிகளைக் குலைக்கும் அல்லது ஏமாற்றும் குண்டுவகைக்கு அலுமினியம் போன்ற வெள்ளி நிறம். ரேடாரைக் குழப்பும் உலோகப்பூச்சு இழைகள் கொண்டவையும் இவ்வகையே. இழையின் நீளம் ரேடார் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு சுமார் 1.5 சென்டிமீட்டர். நீளம் பொருந்தாவிட்டால் எதிரொலிப்பு வெகுவாகக் குறையும்.

நிறம் மட்டும் போதாது. மங்கலான ஒளியில் வண்ணங்கள் ஏமாற்றும். எனவே குண்டின் அளவு, மாதிரி எண், தயாரிப்புத் தொகுதி எண் ஆகியவை எழுத்தாகவும் இருக்கும். எடையைக் குறிக்கச் சிறு சதுரங்கள் உண்டு. எடை சற்று மாறினாலும் வீச்சுத் தூரம் மாறும் என்பதால், பீரங்கிப் படையினர் அச்சதுரங்களை எண்ணிக் கணக்கைத் திருத்துவார்கள். பெயின்ட் உரியக்கூடியது, ஆகவே முக்கிய விவரங்களை உலோகத்திலும் பொறிக்கிறார்கள்.