சுவர்களைக் கடக்கும் புகை

நுழையும்முன்

தனி வீட்டில் வாழ்பவருக்குச் சுவர் ஓர் எல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவருக்கோ அது பக்கத்து வீட்டாருக்கும் உரிய பொதுச்சுவர். அங்கே ஒருவரது பழக்கம் மற்றவரது மூச்சைத் தொடுகிறது. வாடகைக் குடியிருப்புகளைப் புகையற்ற இடங்களாக மாற்ற அமெரிக்க நாட்டில் நடைபெற்ற முயற்சியையும் அதில் எழுந்த அறச்சிக்கலையும் இப்பாடம் விளக்குகிறது.

புகை செல்லும் வழி

கதவைச் சாத்திக்கொண்டு புகைபிடித்தால் புகை உள்ளேயே அடங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்களில் இடுக்குகள் உள்ளன. கதவின் அடியிலும் இடைவெளி உண்டு. குளிர்காலத்தில் சூடேற்றப்பட்ட கட்டடத்தினுள் வெப்பக்காற்று மேலெழும்போது, கீழ்த்தளத்துப் புகையையும் உடன் கொண்டு செல்கிறது. சன்னலைத் திறந்து வைப்பதாலோ காற்றைத் தூய்மையாக்கும் கருவியாலோ இதனை முற்றிலும் நீக்க இயலாது. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதில் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்றும், கட்டடத்தினுள் புகைபிடித்தலை அறவே நிறுத்துவதே முழுப் பாதுகாப்பு என்றும் அமெரிக்கத் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரல் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை தெளிவுபடுத்தியது.

யாருக்குப் பாதிப்பு?

புகையிலைப் புகையில் 7000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. இப்புகை குழந்தைகளின் ஆஸ்துமாவைக் கடுமையாக்குகிறது. புகைபிடிக்காத பெரியவர்களுக்கும் இதயநோயையும் நுரையீரல் புற்றுநோயையும் தருகிறது. அணைக்கப்படாத ஒரு சிகரெட் துண்டு கட்டடம் முழுவதையும் தீக்கிரையாக்கக்கூடும்.

வசதி படைத்தவர் புகை நாற்றம் பொறுக்காமல் வேறு வீடு பார்த்துக்கொள்வார். அரசின் உதவியால் குறைந்த வாடகையில் வாழும் முதியவரும் மாற்றுத்திறனாளியும் ஏழைத் தாயும் எங்கே செல்வர்? இடம்பெயர இயலாதவர்க்கே இக்கேடு மிகுதியாக வாய்க்கிறது. ஆகவே இது நலவாழ்வுச் சிக்கல் மட்டுமன்று. நீதி பற்றிய வினாவுமாகும்.

விதி உருவான வரலாறு

கலிஃபோர்னியா மாநிலத்தின் பெல்மாண்ட் நகரில், அண்டை வீட்டுப் புகையால் அல்லலுற்ற முதியோர் நகரமன்றத்திடம் முறையிட்டனர். அதன் பயனாக 2007ஆம் ஆண்டு அந்நகரம் அடுக்குமாடி வீடுகளின் உட்புறத்திலும் புகைபிடித்தலைத் தடைசெய்து சட்டம் இயற்றியது.

அமெரிக்க வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, பொதுக் குடியிருப்பு நிருவாகங்கள் தாமாகவே இத்தகைய கொள்கையை ஏற்குமாறு 2009ஆம் ஆண்டு ஊக்குவித்தது. பின்னர் 2016 டிசம்பரில் அதனைக் கட்டாய விதியாக்கியது. 2018 ஜூலை இறுதிக்குள் விதியைச் செயற்படுத்துமாறு காலக்கெடு அளிக்கப்பட்டது. 9 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இதன் வரம்பிற்குள் வந்தன. வீடுகளின் உட்புறம், பொது இடங்கள், நிருவாக அலுவலகங்கள் ஆகியவற்றோடு, கட்டடத்திலிருந்து 25 அடி தொலைவு வரையிலும் சிகரெட், சுருட்டு, ஹூக்கா முதலியவை விலக்கப்பட்டன.

தடையும் பரிவும்

“என் வீட்டில் நான் செய்வதைப் பிறர் தடுக்கலாமா?” என்னும் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. நிக்கோட்டின் மனிதரை அடிமைப்படுத்தும் பொருள். ஒரே நாளில் அதனை உதறிவிட எல்லாராலும் இயலாது. நடக்க இயலாத முதியவர் பனிக்காலத்தில் 25 அடி தாண்டிச் செல்வதும் எளிதன்று. விதியை மீறினார் என்பதற்காக அவரை வெளியேற்றினால், நோயிலிருந்து காக்க வந்த விதியே அவரைத் தெருவில் நிறுத்திவிடும்.

எனவே இவ்விதி, புகைபிடிப்பவர் அங்குக் குடியிருப்பதைத் தடுக்கவில்லை. கட்டடத்தினுள் புகைபிடிப்பதை மட்டுமே தடுக்கிறது. சிறந்த நிருவாகங்கள் முதலில் குடியிருப்போரின் கருத்தைக் கேட்கின்றன. வாடகை ஒப்பந்தத்தில் விதியைத் தெளிவாக எழுதுகின்றன. பழக்கத்தைக் கைவிட விரும்புவோர்க்கு மருத்துவ உதவிக்கு வழிகாட்டுகின்றன. மீறுவோரை முதலில் எச்சரித்து, வெளியேற்றுதலை இறுதி வழியாகவே கொள்கின்றன. வீட்டு உரிமையாளருக்கும் இதனால் நன்மை உண்டு. புகைக்கறை படிந்த சுவர்களுக்கு மீண்டும் வண்ணம் பூசுதல், நாற்றமேறிய தரைவிரிப்புகளை மாற்றுதல் போன்ற செலவுகள் குறைகின்றன.

ஒருவரது உரிமை, அடுத்தவரது மூச்சு தொடங்கும் இடத்தில் எல்லை காண்கிறது. அவ்வெல்லையை வகுக்கும்போது, பழக்கத்திற்கு ஆட்பட்டவரையும் நம்மில் ஒருவராகக் கருதுவதே பண்பாடு. விதி வீட்டைத் தூய்மையாக்கும். பரிவு அவ்வீட்டில் எல்லாரையும் வாழவைக்கும்.

கற்பவை கற்றபின்

பல குடும்பங்கள் வாழும் ஒரு கட்டடத்திற்குப் புகையற்ற குடியிருப்பு விதிகள் ஐந்தினை எழுதுக. அவற்றை மீறுவோரை எவ்வாறு நடத்த வேண்டும் என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.