அரை நாள் சம்பளமும் ஆயிரத்து ஐந்நூறும்

காலை பத்தரைக்குத் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்கு அறையில் உட்காருவேன். மதியம் இரண்டரைக்கு எழுந்துவிடுவேன். அதற்கு மேல் உட்கார்ந்தால் இடுப்பு வலி மறுநாள் வேலையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். இரண்டு வயதில் வந்த போலியோவில் வலது கால் சூம்பிப்போனது. காலிப்பர் மாட்டித்தான் நடக்கிறேன். சான்றிதழில் 60 சதவீதம் என்று போட்டிருக்கிறது. சம்பளம் மாதம் 7,500 ரூபாய்.

மந்தைவெளியிலிருந்து கிளம்பும்போது டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது. 2021 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைக்கு வருபவருக்கும் இலவசம். காலையில் கண்டக்டர் தெரிந்தவர், நிறுத்தி ஏற்றிக்கொள்வார். திரும்பும்போது பாண்டி பஜார் கூட்டத்தில், உயரப் படி வைத்த பஸ்ஸில், காலிப்பரோடு ஏற என்னால் முடியாது. ஆட்டோதான். 130 ரூபாய் வீதம் 26 நாளைக்கு 3,380. மீதி 4,120 ரூபாயில் ஒரு பக்கம் உயர்த்தித் தைத்த செருப்பு, காலிப்பர் வார், வலி மாத்திரை எல்லாம் போகத்தான் அரிசியும் வாடகையும்.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதை இரண்டு தடைகளாகப் பிரித்துச் சொல்கிறார். உடல் குறையால் சம்பாதிப்பது குறைகிறது, அது முதல் தடை. சம்பாதித்ததைக் கொண்டு மற்றவர்கள் வாழும் வாழ்க்கையை வாழ இன்னும் அதிகம் செலவாகிறது, அது இரண்டாவது. நம் உதவித்தொகைகள் முதல் தடையைத்தான் பார்க்கின்றன. எனக்குக் கழுத்தைப் பிடிப்பது இரண்டாவது.

தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரியில் ஆயிரத்திலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. என் ஆட்டோ செலவில் பாதிக்குக்கூட அது வராது. இருந்தாலும் எனக்கு அது பெரிய பணம். மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான திட்டத்தில் 80 சதவீதம் ஊனம் இருக்க வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய்தான்.

மாநில அரசின் அந்த 1,500 ரூபாய்க்கு முதன்முறை நான் மனு கொடுத்தபோது விசாரணைக்கு வந்தவர், "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். "அரை நாள் போறேன் சார்" என்றேன். "அப்புறம் பென்ஷன் எதுக்கு? வேலை இல்லாதவங்களுக்குத்தானே இது" என்றார். மனு திரும்பி வந்தது. பொய் சொல்லியிருந்தால் கிடைத்திருக்குமோ என்று பல நாள் யோசித்தேன். வேலையை விட்டுவிடு என்று அம்மாகூடச் சொன்னாள். 1,500 ரூபாய்க்காக 7,500 ரூபாயை விடச் சொல்லும் அளவுக்கு அந்தக் கேள்வி எங்கள் வீட்டைக் குழப்பிவிட்டது.

பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. அதில் ஓய்வூதியம் தனி, வேலையில்லாதோர் உதவி தனி. ஓய்வூதியத்துக்கு அரசு அறிவிக்கும் வருமான வரம்பு உண்டு. வேலையில்லாதோர் உதவி, சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து இரண்டு ஆண்டுக்கு மேலாகியும் வேலை கிடைக்காதவர்களுக்கு. ஆக, சட்டம் கேட்கச் சொல்வது எவ்வளவு வருமானம் என்று. என்னிடம் கேட்டது வேலைக்குப் போகிறாயா என்று. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் என்னைப் போன்ற அரை நாள் வேலைக்காரர்கள் விழுந்துவிடுகிறோம்.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: மற்றவர்களுக்கான இதுபோன்ற திட்டத்தில் தருவதைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். 2023-ல் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. அதற்கு மேல் 25 சதவீதம் போட்டால் சரியாக 1,500. சட்டம் சொன்ன குறைந்தபட்சத்தில் அப்படியே நின்றுவிட்டோம். ஆந்திராவில் 2024 ஜூலை முதல் 6,000 ரூபாய் தருகிறார்கள். அதைக் காட்டித்தான் இங்கே மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் போராடுகின்றன. அந்தக் கோரிக்கை நியாயமானது.

தொகையோடு சேர்ந்து மாற வேண்டியது அது தரப்படும் விதம். அமெரிக்காவில் ஏழை மாற்றுத்திறனாளிகளுக்கான எஸ்.எஸ்.ஐ. திட்டத்தில் வேலைக்குப் போனால் உதவி உடனே நின்றுவிடாது. மாதச் சம்பளத்தில் முதல் 65 டாலரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலர்தான் உதவியில் குறையும். அந்த 65 டாலர் 1974-லிருந்து உயரவே இல்லை, அது அங்குள்ளவர்களின் பெரிய குறை. ஆனாலும் உழைத்தால் நஷ்டமில்லை என்ற கணக்கு அதில் இருக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ஊரிலேயே 2012-ல் அரசாணை 52 வந்தது. நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் செய்தால் முழு நாள் கூலி என்றது. ஒரு உடம்பு எவ்வளவு தாங்கும் என்று யோசித்துப் போட்ட ஆணை அது, நான் மிகவும் மதிக்கும் ஆணை. ஆனால் அது கிராமத்து வேலைக்கானது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் கடைகளில் நான்கு மணி நேரம் உட்கார்பவர்களுக்கு அப்படி ஏதுமில்லை. மாறாக, 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஊனமுற்ற தொழிலாளிகளின் கூலிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அரசு உத்தரவிடவே இடம் வைத்திருந்தது. எங்கள் உழைப்பு மலிவு என்ற எண்ணம் அங்கிருந்தே வருகிறது.

இரண்டாவது முறை இ-சேவை மையத்தில் மனு போட்டபோது கடை முதலாளியிடம் லெட்டர்பேடில் எழுதி வாங்கினேன்: தினம் நான்கு மணி நேரம், மாதம் 7,500. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை (யூடிஐடி), சான்றிதழ் நகலோடு என் மாதச் செலவுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன். இந்த முறை விசாரணைக்கு வந்தவர் அந்தத் தாளை நிதானமாகப் படித்தார். நான்கு மாதம் கழித்து வங்கியில் பணம் ஏறியது. இதற்குள் இந்த உதவித்தொகைக்காகவே வேலையை விட்டுவிட்ட ஒரு தோழி எனக்கு உண்டு. அவளால் இன்னும் அந்த வேலையைத் திரும்பப் பெற முடியவில்லை.

உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ என்னைப் போல் ஒருவர் அரை நாள் வேலை செய்கிறார் என்றால், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.