கரிசல் மண்: நிறமும் குணமும்

மண்ணுக்கு அதன் நிறத்தைக் கொண்டே பெயரிட்டு வழங்குவது மக்கள் மரபு. தமிழில் கரிசல் என்றும், கன்னடத்தில் எரெ மண்ணு என்றும், தெலுங்கில் ரேகடி என்றும் வழங்கும் மண், தக்காணத்தின் சமவெளிகளில் பரந்து கிடக்கிறது. பருத்தி இதில் செழித்து வளர்வதால் ஆங்கிலேயர் இதனைப் ‘பருத்திக் கரிசல்’ என்றனர். இந்திய அரசின் வேளாண்மை இரசாயனியாக இருந்த லெதர் 1898ஆம் ஆண்டில் இந்திய மண்களை வண்டல், கரிசல், செம்மண், சரளை மண் என நான்கு பெரும் பிரிவுகளாக வகுத்தார். பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவினையையே இன்றும் பின்பற்றுகின்றன. கரிசலும் அதன் சார்பு மண்களும் நம் நாட்டில் ஏழு கோடி ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் உள்ளன என மதிப்பிடப்பட்டிருக்கிறது.

ஆயினும் நிறத்தை மட்டும் கண்டு ஒரு நிலத்தைக் கரிசல் என்று எழுதிவிடுவது போதாது. கறுத்த மண் யாவும் கரிசல் அல்ல; கரிசலின் குணமுடைய மண் யாவும் கறுத்திருப்பதும் இல்லை. எவ்வளவு நீர் பாய்ச்சலாம், எந்தப் பயிர் இடலாம், கட்டடத்துக்கு எத்தகைய அடித்தளம் வேண்டும் என்பனவற்றைத் தீர்மானிப்பது மண்ணின் நிறமன்று, அதன் குணமேயாகும்.

ஒரே பாறை, இருவகை மண்

பெங்களூரைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் செம்மண். அங்கிருந்து வடமேற்கே சித்திரதுர்க்கம் வழியாகப் பல்லாரிக்குச் செல்வோர், வழியில் செம்மண் மேடுகளுக்கிடையே கருநிலத் திட்டுகள் தோன்றுவதையும், பல்லாரியை அணுகும்போது அவை அகன்ற வெளிகளாக விரிவதையும் காணலாம். விஜயபுரம், கலபுரகி மாவட்டங்களின் கரிசல், எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறையினின்று பிறந்தது. இதனால் கரிசல் என்றாலே எரிமலைப் பாறையின் மகவு என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் பல்லாரி, ராய்ச்சூர்ப் பகுதிகளில் எரிமலைப் பாறை இல்லை. பெங்களூரின் செம்மண்ணுக்கு அடியிலுள்ள நைஸ் வகைப் பாறையே அங்கும் பெரும்பாலும் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசலும் அத்தகையதே.

ஒரே பாறை இரு வேறு மண்களை ஈன்றது எவ்வாறு? மழையும் வடிகாலும் இதற்குக் காரணங்களாம். பெங்களூர் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. பல்லாரி அதன் பாதியளவு உயரத்தில் உள்ளது. சுமார் 500 மில்லிமீட்டர் மழையே பெறுகிறது. மழை மிகுந்து நீர் நன்கு வடியும் மேட்டில், பாறை சிதையும்போது விடுபடும் சுண்ணமும் மக்னீசியமும் சிலிக்காவில் ஒரு பகுதியும் கரைந்து அகல்கின்றன. எஞ்சி நிற்கும் இரும்பு ஆக்சைடு மண்ணைச் சிவப்பாக்குகிறது. மழை குறைந்து நீர் தேங்கும் தாழ்நிலத்தில் இப்பொருள்கள் அகலாமல் தங்கி, வேறொரு வகைக் களித்தாதுவை உண்டாக்குகின்றன. அத்தாதுவே கரிசலின் உயிர்நிலை.

களித்தாதுவின் அமைப்பு

செம்மண்ணில் மிகுந்துள்ள களித்தாது கேயோலினைட். அதன் ஏடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால் அவற்றினிடையே நீர் புகுவதில்லை. கரிசலில் மிகுந்திருப்பது மாண்ட்மொரில்லோனைட் முதலிய ஸ்மெக்டைட் வகுப்புத் தாதுக்கள். இவற்றின் ஏடுகள் தளர்வாகவே இணைந்துள்ளன. நீர் இடையே புகுந்ததும் ஏடுகள் விலகுகின்றன. நீர் வெளியேறியதும் நெருங்குகின்றன. கரிசலில் நூற்றுக்கு 40 முதல் 60 பங்கு வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் களி இருப்பதால், இந்த நுண்ணிய அசைவு நிலம் முழுவதையும் அசைக்கிறது.

கறுப்பு நிறத்தைக் கண்டு இம்மண்ணில் மட்கு மிகுந்திருப்பதாகக் கருதுவது பரவலான பிழை. உக்ரைன் நாட்டுச் செர்னோசெம் என்னும் கருமண் மட்கினாலேயே கறுத்தது. நம் கரிசலிலோ கரிமத்தின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவு. அந்தச் சிறிதளவு மட்கும் களியுடன் நெருங்கிப் பிணைந்திருப்பதே நிறத்துக்கு முக்கிய காரணம் எனக் கருதப்படுகிறது. ஆகவே ‘கறுப்பு மண், உரம் வேண்டியதில்லை’ என்னும் கூற்றுக்கு ஆதாரமில்லை. தழைச்சத்துக் குறைபாடு கரிசலில் பொதுவாகக் காணப்படுவதே.

வெடிப்பும் வழுக்குத் தளமும்

கோடையில் கரிசல் காட்டில் கை நுழையுமளவு வெடிப்புகள் தோன்றுகின்றன. ஒரு மீட்டர் ஆழம் வரை செல்வனவும் உண்டு. முதல் மழை நீர் இவ்வெடிப்புகளின் வழியே விரைந்து உட்புகுகிறது. மண் உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்ட பின்னர், நீர் இறங்கும் வேகம் மணிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே குறைந்துவிடும். அதன் பிறகு பெய்யும் மழை மேலே தேங்கும், அல்லது மண்ணை அரித்துக்கொண்டு ஓடும்.

ஆழத்தில் உப்பும் மண்ணுக்கு விரிய இடமில்லை. ஒரு மண்கட்டி மற்றொன்றின் மீது சாய்வாகச் சறுக்குகிறது. சறுக்கிய முகங்கள் தேய்ந்து மெருகேறிப் பளபளக்கின்றன. இவற்றை வழுக்குத் தளங்கள் எனலாம். குழி வெட்டிப் பார்க்கும் களப்பணியாளருக்குக் கரிசலைக் காட்டிக்கொடுக்கும் தலையாய அடையாளம் இதுவே.

மேல்மண் வெடிப்பில் உதிர்ந்து அடியில் தங்க, அடிமண் மேலே தள்ளப்படுவதால், கரிசல் ‘தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண்’ என்று சொல்லப்படுவதுண்டு. இதில் உண்மை உண்டு. ஆயினும் அளவு மிகையாகக் கூறப்பட்டது. ஆழம் செல்லச் செல்ல மண்ணிலுள்ள கரிமத்தின் வயது கூடுவதைக் கதிரியக்கக் கரிமச் சோதனைகள் காட்டியுள்ளன. முற்றிலும் புரளும் மண்ணாயின் அவ்வாறு இருக்க இயலாது.

சுண்ணாம்பின் பங்கு

கரிசலைக் கிளறினால் வெண்ணிறச் சுக்கான்கற்கள் அகப்படும். இவை கால்சியம் கார்பனேட்டுத் திரளைகள். வறண்ட காலத்தில் மண்ணீர் வற்றும்போது சுண்ணாம்பு படிந்து இவை உருவாகின்றன. சுண்ணாம்பு மிகுந்த கரிசலின் காரத்தன்மை பி.எச். அளவில் 8ஐ ஒட்டியோ, அதற்குச் சற்று மேலோ இருக்கும். இந்நிலையில் மணிச்சத்தும், துத்தநாகமும், இரும்பும் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிட்டாமல் போகின்றன. கடலைச் செடியின் இளந்தளிர் மஞ்சளாவது இதன் ஒரு விளைவு. யூரியாவை மேலாகத் தூவி விட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். மண்ணுள் புதைத்தல் நன்று.

புதிய வகைப்பாடு

இன்று உலகெங்கும் வழங்கும் மண் வகைப்பாடுகளில் கரிசல் ‘வெர்ட்டிசால்’ எனப்படுகிறது. ‘புரட்டுதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது. அமெரிக்க முறையின் பன்னிரண்டு மண் வரிசைகளுள் இது ஒன்று. இவ்வரிசையில் சேர்வதற்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும். முதலாவது, மேலிருந்து 50 சென்டிமீட்டர் வரையில் நூற்றுக்கு 30 பங்கேனும் களி இருத்தல். இரண்டாவது, காலந்தோறும் திறந்து மூடும் வெடிப்புகள். மூன்றாவது, ஒரு மீட்டர் ஆழத்துக்குள் 25 சென்டிமீட்டர் தடிமனுக்கேனும் வழுக்குத் தளங்களோ ஆப்பு வடிவக் கட்டிகளோ காணப்படுதல். நிறம் இம்மூன்றில் இடம்பெறவில்லை.

1975ஆம் ஆண்டில் வெளியான பதிப்பில், வெர்ட்டிசால்களின் உட்பிரிவுகள் நிறச்செறிவைக் கொண்டே வகுக்கப்பட்டிருந்தன. 1990களின் தொடக்கத்தில் அம்முறை கைவிடப்பட்டு, சுண்ணாம்பு, ஜிப்சம், உப்பு ஆகியவற்றின் படிவுகள் உட்பிரிவுக்கு ஆதாரமாயின. நம் தக்காணக் கரிசல் பெரும்பாலும் கோடை வறட்சியும் பருவ மழையும் மாறிவரும் ‘அஸ்டெர்ட்’ என்னும் துணை வரிசையைச் சார்ந்தது. அதனுள் சுண்ணாம்புப் படிவு மிகுந்தது ‘கால்சியஸ்டெர்ட்’. சிறப்புப் படிவு ஏதுமில்லாதது ‘ஹாப்லஸ்டெர்ட்’. 1976ஆம் ஆண்டில் நாகபுரியில் அமைந்த தேசிய மண் அளவை மற்றும் நிலப்பயன்பாட்டுத் திட்டப் பணியகம் இம்முறையைப் பின்பற்றியே மண் வரைபடங்களைத் தயாரிக்கிறது. அதன் வட்டார நிலையம் ஒன்று பெங்களூர் ஹெப்பாளத்தில் உள்ளது.

பிழையான முடிவின் விலை

1953ஆம் ஆண்டில் துங்கபத்திரை அணையினின்று நீர் விடப்பட்டது. மழை பொய்க்கும் நிலங்களுக்குத் துணைநீர் அளித்துப் பரந்த பரப்பைக் காப்பதே அத்திட்டத்தின் கருத்து. பெரும்பகுதி நிலத்தில் சோளம், பருத்தி போன்ற குறைநீர்ப் பயிர்களே எண்ணப்பட்டிருந்தன. காலப்போக்கில் வாய்க்காலின் தலைப்பகுதிகளில் நெல் சாகுபடி பெருகிற்று. கடைப்பகுதிக்கு நீர் குறைந்தது. தலைப்பகுதியிலோ நீர் தேங்கி உவர் ஏறிற்று. வடிகாலற்ற கரிசலில் இது எதிர்பார்க்கத்தக்கதே. அடியிலுள்ள உப்பு நீருடன் மேலேறுகிறது. நீர் ஆவியாக, உப்பு தங்குகிறது. களியிலுள்ள கால்சியத்தைச் சோடியம் வெளியேற்றினால் மண் களராகி, நீர் இறங்கும் வழியும் அடைபடுகிறது. பொதுவாகக் களர் மண்ணுக்குக் கூறப்படும் எல்லை, பரிமாற்றச் சோடியம் நூற்றுக்கு 15 பங்கு என்பதாகும். கரிசலில் அந்த எல்லைக்கு வெகு முன்னரே தீங்கு தொடங்கிவிடும். மண்ணிலுள்ள சுண்ணாம்பு எளிதில் கரையாதாகையால் அது தானே உதவாது; ஜிப்சமும் வடிகாலும் வேண்டும். இந்நிலங்களைச் சீர்திருத்தும் ஆராய்ச்சி கங்காவதியில் நடைபெற்று வருகிறது.

மானாவாரியில் கரிசலின் குணமே செல்வம். ஒரு மீட்டர் ஆழத்தில் 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை பயிருக்கு உதவும் நீரைச் சேமிக்க வல்லது இம்மண். மழைக்காலத்தில் நீரை மண்ணில் சேர்த்து, பின்பருவத்தில் சோளமும் கடலையும் விதைக்கும் பல்லாரி உழவர் வழக்கம் இந்த அறிவின்மீதே நிற்கிறது.

கட்டடங்களிலும் இதே பாடம் உண்டு. உப்பிச் சுருங்கும் நிலத்தில் ஆழமற்ற அடித்தளமிட்ட பள்ளிச் சுவர்கள் சில ஆண்டுகளில் பிளக்கின்றன. இதற்கென ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்முறையை உருவாக்கியது. பருவ அசைவு எட்டாத ஆழத்தில் தூண் பற்றிக்கொள்வதால் கட்டடம் நிலைக்கிறது.

களத்திலும் வகுப்பிலும் செய்யத்தக்க சோதனைகள்

முதலாவது, சுண்ணாம்புச் சோதனை. மண்கட்டியின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளிகள் விடுக. நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. அமிலத்தை ஆசிரியரே கையாளல் வேண்டும்.

இரண்டாவது, சுருக்கச் சோதனை. சலித்த மண்ணைக் குழம்பாகப் பிசைந்து, எண்ணெய் தடவிய 10 சென்டிமீட்டர் நீள அச்சில் நிரப்பி நிழலில் உலர்த்துக. கரிசல் ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ சுருங்கும்; மணற்பாங்கான செம்மண் சிறிதளவே சுருங்கும்.

மூன்றாவது, உப்பற் சோதனை. அளவு குறித்த இரு கண்ணாடிக் குழாய்களில் உலர்ந்த மண்தூள் 10 கன சென்டிமீட்டர் வீதம் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் வைத்திடுக. மண்ணெண்ணெயில் களி உப்பாது. இரண்டிலும் படிந்த மண்ணின் பருமனை ஒப்பிட்டால் உப்பும் திறன் புலனாகும்.

களப்பணியாளர் ஒரு மீட்டர் ஆழக் குழியேனும் வெட்டி, வெடிப்பின் ஆழம், வழுக்குத் தளம் தொடங்கும் ஆழம், சுக்கான்கல் காணும் ஆழம், நீர் வடியும் திசை ஆகிய நான்கையும் குறித்தபின் நிறத்தை எழுதுதல் முறை. கோடையில் வெட்டிய குழியில் வெடிப்பும், மழைக்குப்பின் வெட்டியதில் வழுக்குத் தளமும் தெளிவாகத் தெரியும். ஆதலின் ஒரே நிலத்தை இரு பருவங்களிலும் பார்த்தல் நலம். நீர் பாய்ச்சும் முன்னர் இக்குறிப்புகள் கிடைக்குமாயின், பின்னர் ஜிப்சத்துக்கும் வடிகாலுக்கும் செய்யும் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.