நரம்பில் ஒளியும் கிருமி
"ஹெர்பீஸ்" கிருமி உடலுறவால் தொற்றுவது. பிறப்பு உறுப்பில் கொப்புளம் கிளம்பும். கொப்புளம் ஆறிவிடும், கிருமி சாவதில்லை! நரம்பு வழியே ஏறி, முதுகெலும்பு ஓரம் ஆயுள் முழுவதும் பதுங்கிக் கிடக்கும். சமயம் பார்த்து மீண்டும் வெளிவரும். பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. மருந்து கிருமியை அடக்கும், அடியோடு ஒழிக்காது.

பல் பிடுங்கிய பாம்பு

அமெரிக்காவில் நெப்ராஸ்கா, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு யுக்தி செய்தார்கள். கிருமியின் மரபணு ஒன்றைத் திருத்தினார்கள். திருத்திய கிருமியால் நரம்புக்குள் நுழைய முடியவில்லை. ஆனால் அதைக் கண்டதும் உடல் எதிர்த்துப் போராடப் பழகிக்கொள்கிறது.

இந்த ஊசி போட்ட கினிப் பன்றிகளுக்கு, பின்னர் நிஜக் கிருமியைச் செலுத்தியபோது கொப்புளங்கள் குறைந்தன. 2020-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

மனிதருக்கான தடுப்பு ஊசி இன்னும் வரவில்லை. கினிப் பன்றியைக் காத்தது மனிதரையும் காக்குமா? அதுதான் பெரிய சோதனை!