தோட்டத்துச் செடியும் வீட்டுப் பிள்ளையும்



வீட்டுத் தோட்டத்தில் மரவள்ளிக்கு மறைவாகச் சிலர் ஒரு செடியை நடுகின்றனர். அதன் இலை கைவிரல்கள் போல் விரிந்து, ஓரங்கள் அரம்போல் இருக்கும். மதிலுக்கு மேல் தெரியாதிருக்க, இளங்கிளைகளை நூலால் வளைத்துத் தாழக் கட்டுவர். அதுவே கஞ்சா.

“வெறும் இலைதானே” என்று எண்ணாதீர்கள். அதன் பெண் பூக்களில் செறிந்துள்ள டீ.எச்.சீ. எனும் பொருளே போதையூட்டுகிறது. மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ச்சியடைகிறது. அதற்குள் தொடர்ந்து பாவிப்பது ஞாபகத்தையும் கவனத்தையும் குன்றச் செய்யும். சிலருக்குச் சித்தம் கலங்கவும் காரணமாகும். போதை தருவது சிறிதாயினும் மார்க்கத்தில் ஹராமாகும்.

மருந்துக்காக அரசு வழங்கும் அனுமதி வேறு. வீட்டில் வளர்ப்பது வேறு. 1929 இன் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அது குற்றமாகும்.

பெற்றோர்களே! செடியைப் பிடுங்கியதோடு கடமை தீர்ந்துவிடாது. பிள்ளையை ஏசாமல் அருகில் அமர்த்தி, அவனை அதன்பால் ஈர்த்தது எதுவென்று கேளுங்கள். இளங்கிளை கட்டிய பக்கமே வளரும். அதை வளைக்கும் நூல் தீய நண்பன் கையில் இருக்க வேண்டாம். உங்கள் அன்பின் கையில் இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக!